மதர்போர்டு: பெட்டியில் எழுதியிருப்பதும் கையில் கிடைப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கினாலும் சரி, ஷோப்பி இணையக் கடையில் தேடினாலும் சரி, ஏறக்குறைய ஒரே விலையில் பத்து மதர்போர்டுகள் (கணினியின் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் அடிப்பலகை, சுருக்கமாக போர்டு) வந்து நிற்கும். எல்லாப் பெட்டிகளிலும் எண்கள் நிறைந்திருக்கும். அந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஓர் "இருந்தால்" உண்டு: இந்த சிபியு (கணினியின் மூளையான சிப்) இருந்தால், அந்த இடம் காலியாக இருந்தால், ராம் (தற்காலிக நினைவகம்) இரண்டே இரண்டு இருந்தால். கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சொந்தமாகப் பாகங்கள் வாங்கிக் கணினி பொருத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, அந்த "இருந்தால்"களையும் சேர்த்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

சிபியு முதலா, போர்டு முதலா?

சிபியு முதல். அது உட்காரும் சாக்கெட் எது என்று தெரிந்த பிறகுதான் போர்டு பேச்சே. இப்போது புதிதாக வாங்கக் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு சாக்கெட்டுகள். ஏஎம்டி பக்கம் ஏஎம்4, ஏஎம்5. இன்டெல் பக்கம் எல்ஜிஏ1700, எல்ஜிஏ1851. ஏஎம்4 2016-இல் வந்தது, அதற்கு டிடிஆர்4 ராம் மட்டும். ஏஎம்5 2022-இல் வந்தது, அதற்கு டிடிஆர்5 மட்டும். எல்ஜிஏ1700-இல் 12, 13, 14-ஆம் தலைமுறை கோர் சிபியுக்கள் உட்காரும். அதில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு; பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும் என்பதால் கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 2024-இல் வந்த எல்ஜிஏ1851 கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு உரியது, டிடிஆர்5 மட்டும்.

சாக்கெட் ஒத்துப்போவதோடு வேலை முடிவதில்லை. தயாரிப்பாளரின் தளத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சிபியு பட்டியல் இருக்கும். உங்கள் சிபியுவுக்கு நேரே எந்தப் பயோஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) பதிப்பிலிருந்து அது வேலை செய்யும் என்று போட்டிருப்பார்கள். கடையில் நெடுநாள் கிடந்த பி650 என்ற ஏஎம்5 போர்டில் ஏஎம்டியின் ரைசன் 9000 சிபியுவை வைத்தால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. போர்டு கெட்டுப்போகவில்லை, பயோஸ் பழசு. அவ்வளவுதான்.

எச்610, பி760, இசட்790, பி650, எக்ஸ்870: இந்த எழுத்துகள் என்ன சொல்கின்றன?

அவை போர்டில் உள்ள சிப்செட்டின் பெயர். எத்தனை யுஎஸ்பி, எத்தனை சாட்டா (டிஸ்க்குக் கேபிள் மாட்டும் இடம்), எத்தனை எம்.2 (எஸ்எஸ்டி நேரே உட்காரும் இடம்), வேகத்தைக் கூட்ட (ஓவர்கிளாக் செய்ய) அனுமதி உண்டா இல்லையா என்பதையெல்லாம் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது.

இன்டெல்லில் எச்610 அடிமட்டம்: ராம் இடம் இரண்டுதான், ராம் வேகத்தைச் சிபியுவின் அதிகாரபூர்வ அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. பி760-இல் ராம் வேகத்தை ஏற்றலாம், சிபியு வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியைத் தொட முடியாது. இசட்790-இல் இரண்டும் முடியும். ஆனால் பெயரின் எண்ணுக்குப் பின் கே உள்ள சிபியு இருந்தால்தான் அதற்குப் பயன். கோர் ஐ5-14400 வாங்கிவிட்டு இசட்790 போர்டுக்குக் காசு கொடுப்பது வீண்.

ஏஎம்டியில் ஏ620-இல் சிபியுவை ஓவர்கிளாக் செய்ய முடியாது, ராமை ஏற்றலாம். பி650, பி850 இரண்டிலும் இரண்டும் முடியும். எக்ஸ்870 என்றதும் பலர் பெரிய சிப் என்று நினைக்கிறார்கள். பி650-இல் இருப்பது போலவே அதிலும் ஒரே ஒரு சிப்தான். யுஎஸ்பி4-உம், கிராபிக்ஸ் கார்டுக்கு ஐந்தாம் தலைமுறைப் பிசிஐஇ இணைப்பும் அதில் கட்டாயம் என்பதுதான் வேறுபாடு. இரண்டு சிப் வேண்டுமானால் எக்ஸ்870ஈ.

பள்ளிப் பாடம், அலுவலக வேலை, யூடியூப் என்றால் எச்610 அல்லது ஏ620 போதும். கேம் விளையாடவும் வீடியோ வெட்டவும் பி வரிசை போதும். மிச்சமாகும் வெள்ளியை ராமிலோ எஸ்எஸ்டியிலோ போடுங்கள், வித்தியாசம் அன்றாடம் தெரியும்.

ஏடிஎக்ஸ், மைக்ரோ ஏடிஎக்ஸ், மினி ஐடிஎக்ஸ்: எதை எடுப்பது?

ஏடிஎக்ஸ் 305க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. பெரிய கேசிங்கில் (கணினிக் கூடு) சிறிய போர்டு உட்காரும், சிறியதில் பெரியது உட்காராது. மைக்ரோ ஏடிஎக்ஸ் என்றால் தரம் குறைவு என்று பொருளில்லை, விரிவாக்க இடங்கள்தான் குறைவு. மினி ஐடிஎக்ஸில் ராம் இடம் இரண்டுதான், விலையோ கூடுதல். மேசையில் இடமே இல்லை என்றால் ஒழிய அதன் பக்கம் போக வேண்டியதில்லை.

"12+2+1 பேஸ்" என்று போட்டிருக்கிறது. எண் கூடினால் நல்ல போர்டா?

பவர் சப்ளை தருவது 12 வோல்ட். சிபியு கேட்பது ஏறக்குறைய 1 வோல்ட், பெரிய சிபியு என்றால் நூறு ஆம்பியருக்கு மேல். இந்த மாற்றத்தைச் செய்யும் பகுதியைத்தான் விஆர்எம் என்கிறோம்; வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் அதன் ஒவ்வொரு கூறும் ஒரு பேஸ். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் அலுமினியத் தகட்டை ஒட்டி வரிசையாக நிற்கும் சின்னச் சின்னச் சாம்பல் கட்டிகள் அதன் காயில்கள். 12+2+1 என்றால் பொதுவாக 12 பேஸ் சிபியு கருக்களுக்கு, 2 சிப்புக்குள் இருக்கும் பிற பகுதிகளுக்கு, 1 மற்றதற்கு.

எண் மட்டும் போதாது. ஒவ்வொரு பேஸிலும் உள்ள மின்சிப்பு எத்தனை ஆம்பியர் தாங்கும், மேலே வெப்பத் தகடு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இதைச் சிபியுவோடு வைத்துக் கணக்குப் போடுங்கள். ரைசன் 5 7600 உச்சத்தில் 88 வாட் இழுக்கும். எந்தப் போர்டும் தாங்கும். ரைசன் 9 9950எக்ஸ் 230 வாட், கோர் ஐ7-14700கே 253 வாட். இவற்றைத் தகடில்லாத மலிவுப் போர்டில் பூட்டினால் முதல் இரண்டு நிமிடம் முழு வேகத்தில் ஓடும். பிறகு விஆர்எம் சூடேறி, போர்டே சிபியு வேகத்தைப் பிடித்து இழுக்கும். எரிந்து போகாது, ஆனால் நீங்கள் காசு கொடுத்த வேகம் வராது.

ஏர்கோன் இல்லாத அறையில் மதியம் 32, 33 டிகிரி என்பது நமக்குச் சாதாரணம். கேசிங்குக்குள் அதைவிடக் கூடும். இருபது டிகிரி அறையில் எடுத்த சோதனை வீடியோவைப் பார்த்துத் தகடில்லாத போர்டைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கை மறக்காதீர்கள். விஆர்எம் தகடும், கேசிங்கின் பின்பக்கம் ஒரு விசிறியும் இங்கே அவசியம்.

ராம் நான்கு இடம் இருக்கிறது. எதில் போடுவது?

இரண்டு ராம் என்றால் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடம். போர்டில் ஏ2, பி2 என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஒன்றாவது இடத்திலும் இரண்டாவது இடத்திலும் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் (ராமுக்கும் சிபியுவுக்கும் இடையிலான தடம்) மாட்டிக்கொள்ளும், தரவு போகும் அகலம் பாதியாகும். கணினி ஓடும், மெதுவாக ஓடுகிறது என்று நீங்கள் மாதக்கணக்கில் கவனிக்காமலே இருக்கலாம்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றை மற்றதில் நுழைக்க முடியாது. நுழையவில்லையே என்று அமுக்காதீர்கள்.

டிடிஆர்5-இல் நான்கு ராம் போடுவது நல்ல யோசனை இல்லை. ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் இரண்டு ராமுக்கு 5200, நான்குக்கு 3600. "6400-க்கு மேல்" என்று பெட்டியில் இருப்பது இரண்டு ராமுக்கு, அதுவும் ஓவர்கிளாக் கணக்கில். 32 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 16, 64 வேண்டுமென்றால் இரண்டு 32. ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்குங்கள். இன்று ஒன்று, போனஸ் வந்ததும் இன்னொன்று என்று வாங்கினால் உள்ளே உள்ள சிப் வேறாக இருக்கலாம், சேர்ந்து ஓட மறுக்கும்.

6000 ராம் வாங்கினேன், விண்டோஸ் 4800 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. டிடிஆர்5 ராம் எந்தப் போர்டிலும் முதலில் பாதுகாப்பான வேகத்தில்தான் எழும். பெரும்பாலும் அது 4800. பயோஸுக்குள் போய் ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ, இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி என்ற, ராமிலேயே பதிந்துள்ள வேக அமைப்பை ஆன் செய்து சேமித்தால்தான் 6000 வரும். கணினியை ஆன் செய்ததும் டெலிட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயோஸ் திறக்கும்.

முதல் தடவை ஆன் செய்தேன். ஐந்து நிமிடமாகத் திரை கறுப்பு. அணைக்கலாமா?

அணைக்காதீர்கள். ஏஎம்5-இல் இது மிக அதிகமாக வரும் பயம். போர்டு ஒவ்வொரு ராமோடும் பேசி, எந்த நேர அளவில் பிழையில்லாமல் படிக்கிறது என்று தானே தேடிக்கொள்கிறது. மெமரி டிரெயினிங் என்பார்கள். ராம் அளவு கூடக் கூட நேரமும் கூடும். பத்து நிமிடம்கூடப் போகலாம். நடுவில் ஓரிரு முறை தானே அணைந்து எழுவதும் உண்டு. அந்த நேரத்தில் போர்டின் ஓரத்தில் டிராம் என்று எழுதிய விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பதினைந்து நிமிடம் பொறுத்தும் வரவில்லை என்றால் மட்டும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு ராமை ஏ2-இல் வைத்துத் திரும்ப முயலுங்கள்.

எம்.2 எஸ்எஸ்டி மாட்டியதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போய்விட்டது!

ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. சிப்செட்டிலிருந்து வரும் தரவுப் பாதைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், சில போர்டுகளில் ஓர் எம்.2 இடமும் இரண்டு சாட்டா இடங்களும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எம்.2-இல் பொருள் உட்கார்ந்தால் அந்த சாட்டா செத்துவிடும். கையேட்டில் சிறிய எழுத்தில் இந்த வரி இருக்கும். சாட்டா கேபிளை வேறு எண்ணுள்ள இடத்துக்கு மாற்றினால் டிஸ்க் திரும்ப வந்துவிடும்.

வேகக் கணக்கு இதுதான். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ (பிசிஐஇ வழியாகப் பேசும் எஸ்எஸ்டி) சுமார் 3500, நான்காம் தலைமுறை சுமார் 7000. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. சாட்டா வகை எம்.2-உம் உண்டு, அதை என்விஎம்இ மட்டும் ஏற்கும் இடத்தில் மாட்டினால் போர்டு கண்டுகொள்ளாது. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியை சிபியுவுக்கு மிக அருகில் உள்ள எம்.2-இல் போடுங்கள், பெரும்பாலான போர்டுகளில் அது சிபியுவோடு நேராகப் பேசும் இடம். மேலே உள்ள தகட்டின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். உரிக்காமல் விட்டால் வெப்பம் தகட்டுக்கே போகாது.

கிராபிக்ஸ் கார்டு இடம் இரண்டும் ஒரே நீளம். எதில் வேண்டுமானாலும் போடலாமா?

மேலே உள்ளதில்தான். கீழே உள்ளது பார்க்க x16 நீளம் இருந்தாலும், பல போர்டுகளில் உள்ளே நான்கு பாதைதான் ஓடுகிறது, சிலவற்றில் ஒன்றுதான். விவரப் பக்கத்தில் "x4 முறை" என்று எழுதியிருப்பார்கள்.

மேலே உள்ள இடத்திலும் ஓர் "இருந்தால்" உண்டு. ஒரு பாதைக்கு மூன்றாம் தலைமுறையில் நொடிக்கு சுமார் 1 ஜிபி, நான்காமில் 2, ஐந்தாமில் 4. போர்டு நான்காம் தலைமுறை x16 என்று சொன்னாலும், அதில் ரைசன் 7 8700ஜி வைத்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு 8 பாதைதான் கிடைக்கும். ரைசன் 5 8500ஜி வைத்தால் 4-தான். பி550 போர்டில் ரைசன் 5 5600ஜி வைத்தால் பாதை 16 இருக்கும், ஆனால் மூன்றாம் தலைமுறை வேகம்தான். பெயரில் ஜி உள்ள சிபியு வாங்கி, "பிறகு நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளலாம்" என்று திட்டமிடுபவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

போர்டின் எச்டிஎம்ஐ-யில் திரை வரவில்லை. போர்டு கெட்டதா?

முதலில் சிபியு பெயரைப் பாருங்கள். இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்4 ரைசனில் ஜி இல்லாவிட்டால் கிடையாது. ரைசன் 7000-இல் 7500எஃப் போன்ற ஓரிரண்டைத் தவிர மற்றவற்றில் உண்டு. சிபியுவில் கிராபிக்ஸ் இல்லையென்றால் போர்டில் உள்ள எச்டிஎம்ஐ வெறும் துளைதான். தனிக் கார்டு இருந்தால் கேபிளை அந்தக் கார்டில் மாட்டுங்கள்.

பொருத்தும்போது எந்தத் தப்பு போர்டையோ பாகத்தையோ கொல்லும்?

நான்கைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, சாக்கெட் ஊசிகள். ஏஎம்5-இல் 1718, எல்ஜிஏ1700-இல் பெயரே சொல்வதுபோல் 1700. முடி போன்ற சாய்ந்த ஊசிகள். கடையிலேயே பெட்டியைத் திறந்து, கறுப்பு மூடியை எடுத்து, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் அடியுங்கள். நல்ல சாக்கெட்டில் ஊசி முனைகள் எல்லாம் நெல் நாற்று வரிசை போல ஒரே சாய்வில் மினுக்கும். எங்காவது ஒரு புள்ளி இருண்டோ, தனியாகப் பளிச்சென்றோ தெரிந்தால் அந்த ஊசி வளைந்திருக்கிறது. வாங்காதீர்கள், வேறு பெட்டி கேளுங்கள். வளைந்த ஊசியை வாரண்டி ஏற்காது. சிபியுவை நேர் கீழாக வையுங்கள், தேய்த்து நகர்த்தாதீர்கள். நெம்புகோலை அழுத்தும்போது கரகரவென்று சத்தம் வரும், கை வலிக்கும் அளவுக்கு அழுத்தம் கேட்கும், அது இயல்பு. சட்டத்தின் மேல் இருக்கும் கறுப்பு மூடி அப்போது தானே துள்ளி வெளியே வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். போர்டை சர்வீசுக்கு அனுப்பும்போது அந்த மூடியோடுதான் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, மின் கேபிள். சிபியுவுக்கான 8 முனையும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 முனையும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறி இருக்கும். சிபியு கேபிள் 4+4 ஆகப் பிரியும், கார்டு கேபிள் 6+2 ஆகப் பிரியும். கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளை என்றால் இன்னொரு பவர் சப்ளையின் கேபிளை ஒருபோதும் கடன் வாங்காதீர்கள். முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கும். மாட்டி ஆன் செய்த அந்த நொடியிலேயே எஸ்எஸ்டியோ போர்டோ போய்விடும்.

மூன்றாவது, கேசிங்கில் இருக்கும் பித்தளைத் தாங்கிகள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி நின்றால் அது போர்டின் பின்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும். போர்டை வைக்கும் முன் துளைகளை எண்ணுங்கள், கூடுதல் தாங்கியைக் கழற்றுங்கள். வழக்கமான ஏடிஎக்ஸ் போர்டுக்கு 9.

நான்காவது, வண்ண விளக்கு. மூன்று ஊசியுள்ளது 5 வோல்ட், நான்கு ஊசியுள்ளது 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12-இல் திணித்தால் விளக்கு அப்போதே போய்விடும்.

முன்பக்கச் சுவிட்சுக்கான மெல்லிய ஒயர்களைப் பற்றிப் பயம் வேண்டாம். பவர் சுவிட்சுக்கும் ரீசெட்டுக்கும் கூட்டல் கழித்தல் கிடையாது. விளக்குகளுக்கு மட்டும் உண்டு, தலைகீழாக மாட்டினால் எரியாது, கெடவும் கெடாது.

கேசிங்கில் போடும் முன் வெளியே வைத்து ஓட்டிப் பார்க்கலாமா?

கட்டாயம் பாருங்கள். போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, சிபியு, கூலர், ஒரு ராம், 24 முனை, 8 முனை மின் கேபிள்கள் மட்டும் மாட்டி, பவர் சுவிட்ச் ஊசி இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் எழும். வெள்ளி நிறப் பையின் மேல் வைத்து ஓட்டாதீர்கள். அந்தப் பையின் வெளிப்பக்கம் மின்சாரம் கடத்தக்கூடியது.

எழவே இல்லை. எந்த வரிசையில் தேடுவது?

விசிறியே சுற்றவில்லை என்றால்: சுவரில் சுவிட்ச், பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிட்ச், 24 முனை கடைசி வரை போய்க் கிளிப் மாட்டியிருக்கிறதா, பவர் சுவிட்ச் ஒயர் சரியான ஊசியில் இருக்கிறதா.

விசிறி சுற்றுகிறது, திரை இல்லை என்றால் போர்டின் ஓரத்தில் உள்ள நான்கு சின்ன விளக்குகளைப் பாருங்கள்: சிபியு, டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்). எது எரிந்தே நிற்கிறதோ அங்கே சிக்கல். டிராம் என்றால் ராமைக் கழற்றி, இரு பக்கமும் டக் என்று சத்தம் வரும்வரை அமுக்குங்கள். பெரும்பாலும் இதுவே போதும். சிபியு விளக்கு என்றால் 8 முனை கேபிள், பிறகு பயோஸ் பதிப்பு, கடைசியில்தான் ஊசி. விஜிஏ என்றால் கார்டும் அதன் மின் கேபிளும். பூட் விளக்கு மட்டும் எரிந்தால் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, விண்டோஸ் உள்ள டிஸ்க்கைத்தான் காணோம்.

எதுவும் புரியவில்லை என்றால் சிமாஸ் (பயோஸ் அமைப்புகளை வைத்திருக்கும் நினைவு) அழிக்கவும். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, கையேடு காட்டும் இரண்டு ஊசியைப் பத்து நொடி சேர்த்துத் தொட்டால் பயோஸ் அமைப்பு முதல் நிலைக்குத் திரும்பும்.

ஒவ்வொரு நாளும் கணினியில் தேதி தப்பாக இருக்கிறது. வங்கித் தளமும் திறக்கவில்லை.

இரண்டும் ஒரே நோய். போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பானால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி நினைத்து மறுக்கிறது. 3 வோல்ட் பேட்டரி, மளிகைக் கடையிலும் கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே. மாற்றிய பிறகு எக்ஸ்போ, எக்ஸ்எம்பி, விசிறி அமைப்பையெல்லாம் திரும்ப வைக்க வேண்டும்.

பயோஸைப் புதுப்பிப்பது அவசியமா? பயமாக இருக்கிறதே.

காரணம் இருந்தால் செய்யுங்கள். இரண்டு சந்தர்ப்பங்களில் தவறாமல் செய்யுங்கள். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல்லில் உயர்நிலை சிபியு வைத்திருப்பவர்கள்: அதிக மின்னழுத்தத்தால் சிபியு மெல்லப் பழுதாகும் குறைக்கு இன்டெல் 2024 ஆகஸ்ட் முதல் மைக்ரோகோடு (சிபியுவின் உள் நிரல்) திருத்தங்கள் வெளியிட்டது, அவை பயோஸ் வழியாகத்தான் வரும். ஏஎம்5-இல் 2023 நடுப்பகுதிக்கு முந்தைய பயோஸ் இருப்பவர்கள்: ரைசன் 7000எக்ஸ்3டி சிபியுக்கள் எரிந்த பிறகு, ஒரு மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குக் கட்டுப்படுத்திய திருத்தம் அந்த ஆண்டில் வந்தது.

பென்டிரைவை எஃப்ஏடி32 ஆக பார்மட் செய்து, உங்கள் போர்டின் துல்லியமான மாதிரிப் பெயருக்குரிய கோப்பைப் போடுங்கள். வைஃபை உள்ள மாதிரியும் இல்லாததும் வேறு வேறு கோப்பாக இருக்கலாம். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் முதலில் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள், புதுப்பித்த பின் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். பிறகு பயோஸுக்குள்ளிருந்தே புதுப்பியுங்கள், விண்டோஸ் செயலி வழியாக வேண்டாம். வானம் இருட்டியிருக்கும் மாலையில் இதைத் தொடாதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் போர்டு எழாது. காலையில் செய்யுங்கள்.

பயோஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டு வாங்கினால் அந்த ஆபத்திலும் மீளலாம். சிபியு இல்லாமலே வேலை செய்யும். கோப்பைக் கையேடு சொன்ன பெயருக்கு மாற்றி, அடையாளமிட்ட யுஎஸ்பியில் மாட்டி, 24 முனையும் 8 முனையும் கொடுத்து, பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் விளக்கு மின்னத் தொடங்கும். மின்னுவது நிற்கும்வரை கை வைக்க வேண்டாம். கூடுதலாகக் கொஞ்சம் வெள்ளி போனாலும் இந்தப் பொத்தான் உள்ளதையே எடுங்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

விண்டோஸ் 11 "டிபிஎம் இல்லை" என்கிறது. தனியாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். டிபிஎம் என்பது பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் கூறு; இன்டெல் 8-ஆம் தலைமுறை, ரைசன் 2000 முதல் சிபியுவிலோ சிப்செட்டிலோ உள்ளேயே இருக்கிறது. பயோஸில் இன்டெல்லுக்கு பிடிடி, ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்ற பெயரில் ஆன் செய்யுங்கள். செக்யூர் பூட் கேட்டால் சிஎஸ்எம் (பழைய முறையில் எழ விடும் அமைப்பு) என்பதை அணைக்க வேண்டும். ஆனால் டிஸ்க்கின் பகுப்பு பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் அணைத்தவுடன் விண்டோஸ் எழாது. முதலில் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றுங்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது என்பதால் இந்தக் கேள்வி இப்போது அதிகம்.

இடி விழுந்த பிறகு இணையம் மட்டும் வேலை செய்யவில்லை. ஏன்?

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை நேரத்தில் சொல்லி வைத்தாற்போல் வரும். பலர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், லேன் கேபிள் மாட்டியே இருக்கும். ஃபைபர் கண்ணாடி இழை, அது மின்சாரம் கடத்தாது. ஆனால் ரூட்டர் சுவரில் மின்சாரத்தோடு இருக்கிறது, அதிலிருந்து கணினிக்கு வருவது செம்புக் கம்பி. மின்னெழுச்சி அந்த வழியாக வந்து போர்டின் லேன் சிப்பைத் தின்றுவிடும். மாடியிலிருந்து கீழே வெளிச்சுவர் வழியாகக் கேபிள் இழுத்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பிளக்கோடு லேனையும் பிடுங்குங்கள். லேன் சிப் மட்டும் போயிருந்தால் போர்டை மாற்ற வேண்டியதில்லை. ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டர் போதும்.

மூன்று முனை பிளக்கை எர்த் இல்லாத இணைப்பில் மாட்டினால் கேசிங்கைத் தொடும்போது கை சுரீர் என்கும். பவர் சப்ளையின் வடிகட்டியிலிருந்து கசியும் சிறு மின்சாரம் போக வழியில்லாமல் கேசிங்கில் நிற்கிறது. சர்ஜ் பாதுகாப்புள்ள நீட்டிப்புப் பலகையும் எர்த் இல்லாமல் தன் வேலையை முழுதாகச் செய்யாது. பழைய வீடானால் வயர்மேனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள்.

ஈரப்பதமும் பூச்சியும் போர்டைக் கெடுக்குமா?

கெடுக்கும். பயன்படுத்தாத போர்டை வெறும் பெட்டியில் ஸ்டோர் அறையில் போட்டால் தொடுமுனைகளில் பச்சை பூக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கேசிங்கின் பின்பக்கத்தில் கார்டு இல்லாத துளைகளின் மூடியைத் திறந்தே விடாதீர்கள். எறும்பும் பல்லியும் சூட்டுக்காக உள்ளே வரும். பல்லி இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் தொட்டால் போர்டும் போகும், அதுவும் போகும். அழுக்கைத் துடைக்க 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும். முழுக்க உலர்ந்த பிறகே மின்சாரம்.

சிபியு மேல் "மேட் இன் மலேசியா" என்று இருக்கிறது. போர்டும் இங்கே செய்ததா?

சிபியுவின் கடைசிக் கட்ட வேலை இங்கே நடக்கிறது. இன்டெல் 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஆலை வைத்தது. ஏஎம்டிக்கான பினாங்கு ஆலையும் அதே ஆண்டுதான். சிலிக்கானை வேறு நாட்டில் செய்து, இங்கே உறைக்குள் பூட்டிச் சோதிக்கிறார்கள். ரைசனில் "டிஃபியூஸ்டு இன் தைவான், மேட் இன் மலேசியா" என்று இரண்டும் பொறித்திருப்பதன் பொருள் அதுதான். ஏசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஏஸ்ராக் என்று நாம் வாங்கும் போர்டுகளோ தைவான் நிறுவனங்களுடையவை.

வாரண்டிக்கு என்ன பார்த்து வாங்க வேண்டும்? பழைய போர்டு வாங்கலாமா?

பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் போர்டில் ஒட்டியுள்ள வரிசை எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளூர் விநியோகஸ்தரின் ஸ்டிக்கர் இருக்கிறதா, எத்தனை ஆண்டு, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். கடை ரசீதின் எழுத்து நம் வெயிலுக்கு ஓராண்டில் அழிந்துவிடும். கடைக்காரர் கை விரித்தால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம்.

பழைய போர்டு வாங்கலாம், ஆனால் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு. ராம் இடம் நான்கிலும் ராமை மாற்றி மாற்றிப் போட்டு எழுகிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி ஒவ்வொன்றிலும் பென்டிரைவைச் செருகுங்கள். லேன், ஒலி, எம்.2 எல்லாம் தொட்டுப் பாருங்கள். போர்டைத் திருப்பிப் பின்பக்கம் விஆர்எம்முக்கு நேரே பழுப்பு நிறம் ஏறியிருக்கிறதா, உருளைக் கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஊசிகளுக்குக் கைப்பேசி விளக்கு, மேலே சொன்னபடி. விற்பவர் ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.